வேல்ஸ் ரக்பியின் மண்டல அணிகள் ஏன் கடனிலேயே வாழ்கின்றன?

வேல்ஸ் நாட்டின் நான்கு தொழில்முறை ரக்பி அணிகளை மூன்றாகக் குறைக்கப்போவதாக 2025 அக்டோபரில் அந்நாட்டு ரக்பி ஒன்றியம் அறிவித்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், இரண்டு அணிகள் இருப்பதே உகந்தது என்று அதே ஒன்றியம் சொல்லியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தலைநகர் அணியான கார்டிஃப் திவால் நடைமுறைக்குள் போய், ஒன்றியத்தின் கையிலேயே வந்து விழுந்தது. மே மாதம் ஒன்றியம் முன்வைத்த புதிய நிதி ஒப்பந்தத்தில் இரண்டு அணிகள் கையெழுத்திட்டன. மற்ற இரண்டும் மறுத்துவிட்டன.

எத்தனை அணிகள் வேண்டும் என்பதைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. அந்த எண்ணை முடிவு செய்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க, யார் யாருக்குப் பணம் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யார் யார்?

வேல்ஸின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். அங்கே மூன்று அடுக்குகள் உள்ளன.

1. ஒன்றியம். 1881-இல் தொடங்கப்பட்ட வேல்ஸ் ரக்பி ஒன்றியம்தான் தேசிய அணியை நடத்துகிறது. கார்டிஃப் நகரின் நடுவே சுமார் 74,000 பேர் அமரக்கூடிய பிரின்சிபாலிட்டி மைதானமும் அதன் சொத்து.

2. கிளப்புகள். ஊர்தோறும் உள்ள ஏறத்தாழ 300 கிளப்புகள் சேர்ந்து உருவாக்கியதுதான் ஒன்றியம். சட்டப்படி இன்றும் அவையே அதன் உறுப்பினர்கள். வாக்குரிமை அவர்களிடம் இருக்கிறது.

3. மண்டல அணிகள். மேற்கே லனெத்லியில் ஸ்கார்லெட்ஸ், ஸ்வான்சீ வட்டாரத்தில் ஆஸ்ப்ரேஸ், தலைநகரில் கார்டிஃப், கிழக்கே நியூபோர்ட்டில் டிராகன்ஸ். வீரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாக ஆடும் அடுக்கு இது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் அணிகளோடு யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப் என்ற 16 அணிகளின் லீக்கில் இவை ஆடுகின்றன.

மண்டலம் என்ற பெயரைக் கேட்டு நாடு முழுவதும் பரவியவை என்று எண்ணிவிட வேண்டாம். நான்கும் தெற்கே, ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி, சுமார் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வடக்கு வேல்ஸில் இப்படி ஓர் அணிகூட இல்லை.

மண்டலங்கள் பிறந்த விதம்

ரக்பி யூனியன் எனப்படும் பதினைந்து பேர் ஆடும் ஆட்ட வகையில் வீரர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் தருவது 1995 ஆகஸ்ட்டில்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை மாலைப் பயிற்சியும் சனிக்கிழமை ஆட்டமுமாக இருந்த கிளப்புகள் திடீரென்று முதலாளிகளாக மாற வேண்டியிருந்தது. வேல்ஸில் ஒன்பது பெரிய கிளப்புகள் ஒரே சிறிய சந்தையில் வீரர்களுக்காகப் போட்டியிட்டன, பணம் கரைந்தது.

2003-இல் ஒன்றியத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த டேவிட் மாஃபெட் அந்த ஒன்பதையும் ஐந்து மண்டலங்களாகச் சுருக்கினார். கார்டிஃப்பும் லனெத்லியும் தனித்தே நின்றன. நீத், ஸ்வான்சீ சேர்ந்து ஆஸ்ப்ரேஸ் ஆனது. நியூபோர்ட்டும் எப்வேலும் டிராகன்ஸின் கீழ் வந்தன. பிரிட்ஜெண்டும் போன்ட்டிப்ரித்தும் செல்டிக் வாரியர்ஸ் என்ற பெயரில் இணைக்கப்பட்டன. அந்த ஐந்தாவது அணி ஒரே ஒரு பருவம்தான் ஆடியது. 2004-இல் அது கலைக்கப்பட்டது.

இந்தக் கலைப்பின் விளைவை இன்றைய விவாதத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். போன்ட்டிப்ரித் போன்ற, நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த பள்ளத்தாக்கு ஊர்கள் ரக்பிக்கு வீரர்களையும் ரசிகர்களையும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தவை. போன்ட்டிப்ரித் ரசிகர்களைப் பொறுத்தவரை கார்டிஃப் பழைய எதிரி. அணியை மூடினால் ரசிகர்கள் அடுத்த அணிக்குப் போய்விடுவார்கள் என்ற கணக்கு, அங்கே எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒன்றியத்தின் ஆண்டு வருமானம் சுமார் 10 கோடி பவுண்டு. அதன் பெரும்பகுதி தேசிய அணியின் ஆட்டங்களிலிருந்தே கிடைக்கிறது: டிக்கெட், ஒளிபரப்பு உரிமம், விளம்பரதாரர்கள், மைதானத்துக்குள் விற்கும் உணவும் மதுவும். ஆனால் சொந்த மண்ணில் நடக்கும் ஆட்டங்கள் மிகக் குறைவு. வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் போட்டியில் இரட்டைப்படை ஆண்டுகளில் மூன்று, ஒற்றைப்படை ஆண்டுகளில் இரண்டு. நவம்பரில் மூன்று அல்லது நான்கு. உலகக் கோப்பை ஆண்டில் அந்த நவம்பர் ஆட்டங்களும் இருக்காது. ஆக, ஒரு நாட்டின் முழு ரக்பிப் பொருளாதாரமும் ஆண்டுக்கு ஆறேழு நாட்களின் மேல் நிற்கிறது.

மைதானமும் சும்மா வந்துவிடவில்லை. 1999 உலகக் கோப்பைக்காகச் சுமார் 12 கோடி பவுண்டு செலவில் கட்டியது. அதற்கான கடன் மண்டலங்கள் உருவான காலத்தில் ஒன்றியத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. புதிய அணிகளுக்குத் தாராளமாகத் தொடக்க மூலதனம் தரும் நிலையில் அது இல்லை.

மண்டல அணியின் வருமானம் நான்கு வழிகளில் வருகிறது: தன் ஆட்டங்களின் டிக்கெட், உள்ளூர் விளம்பரதாரர்கள், லீக் மற்றும் ஐரோப்பியப் போட்டிகளின் பங்கு, ஒன்றியம் தரும் தொகை. செலவில் முதலிடம் வீரர்களின் சம்பளத்துக்கு. இரண்டுக்கும் நடுவே ஆண்டுதோறும் விழும் பள்ளத்தை உரிமையாளர் தன் பையிலிருந்து நிரப்புவார். இருபது ஆண்டுகளாக வேல்ஸ் ரக்பி ஓடியது உள்ளூர்ச் செல்வந்தர்கள் சிலரின் பாசத்தால்தான். அந்தப் பாசத்தை ஒரு நிதித் திட்டமாக எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மைதானங்களும் சுமையாயின. ஆஸ்ப்ரேஸ் 2005-இல் ஸ்வான்சீ கால்பந்து அணியோடு பகிர்ந்துகொண்ட புதிய மைதானம் அவர்கள் கூட்டத்துக்கு மிகப் பெரிதாக இருந்தது. கார்டிஃப் அணி 2009-இல் நகரின் புதிய கால்பந்து மைதானத்துக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் குடிபோய், மூன்றே ஆண்டில் தன் பழைய ஆர்ம்ஸ் பார்க்குக்குத் திரும்பியது.

ஒரு வீரரின் விலையை யார் சொல்வது?

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஓர் இளைஞரை மண்டல அணி பதின்ம வயதில் எடுத்துப் பயிற்றுவிக்கிறது. சம்பளம், மருத்துவம், காயமடைந்தால் ஓய்வுக்காலம் எல்லாம் அதன் செலவு.

2. அவர் திறமையானவராக வளர்ந்தால், ஆண்டில் பல வாரங்கள் தேசிய அணிக்குப் போய்விடுகிறார். அவரைப் பார்க்கத்தான் 74,000 பேர் டிக்கெட் வாங்குகிறார்கள். அந்த வருமானம் ஒன்றியத்துக்குச் சேர்கிறது. அதே வாரங்களில் மண்டல அணி இரண்டாம்நிலை வீரர்களை வைத்து ஆடி, தோற்று, கூட்டத்தையும் இழக்கிறது.

3. ஆகவே ஒன்றியம் மண்டலத்துக்குத் தரும் பணத்தை மானியம் என்று சொல்வது தவறு; அது ஒரு சேவைக்கான விலை. ஆனால் இந்தச் சேவையை வாங்க ஒன்றியத்தைத் தவிர வேறு எவருமில்லை. சந்தை விலை என்று ஒன்று உருவாக வழியே கிடையாது. பேரத்தில் யார் கை ஓங்குகிறதோ அவர் சொல்வதே விலை.

4. வீரருக்கு மட்டும் சந்தை உண்டு. 2024–25 பருவத்தில் வேல்ஸ் மண்டலம் ஒன்றின் சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி வீரர்களுக்கு மொத்தமாகத் தரலாம் என்ற எல்லை, 45 லட்சம் பவுண்டு. அதே பருவத்தில் இங்கிலாந்து லீக்கில் அது 64 லட்சம். பிரான்ஸ் அதற்கும் மேலே. நல்ல வீரர் கிளம்பிவிடுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

5. அவர் கிளம்பாமலிருக்க ஒன்றியம் 2017-இல் ஒரு விதி போட்டது: வேல்ஸுக்கு வெளியே ஆடுபவர் 60 சர்வதேச ஆட்டங்களாவது ஆடியிருந்தால்தான் தேசிய அணிக்குத் தேர்வு செய்யப்படுவார். இதன் உண்மையான பொருள், வீரர்கள் சந்தை விலைக்குக் குறைந்த சம்பளத்தில் வேலை செய்து அமைப்பின் பற்றாக்குறையை அடைக்க வேண்டும் என்பதே. 2023 பிப்ரவரியில் வீரர்கள் பொறுமை இழந்தார்கள். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தையே புறக்கணிப்போம் என்று மிரட்டினார்கள். பேச்சுவார்த்தையின் முடிவில் அந்த 60 என்பது 25 ஆனது.

இந்த விலைப் பேரம் ஒவ்வொரு சில ஆண்டுகளுக்கும் ஒருமுறை வெடித்திருக்கிறது. 2014 ஆகஸ்ட்டில், நீண்ட சண்டைக்குப் பிறகு, ஆறு ஆண்டுகளுக்கு 6 கோடி பவுண்டு என்று ஓர் ஒப்பந்தம் வந்தது. முக்கிய வீரர்களின் சம்பளத்தில் 60 விழுக்காட்டை ஒன்றியமும் 40 விழுக்காட்டை மண்டலமும் தருவது என்ற கூட்டு ஒப்பந்த முறை அப்போதுதான் வந்தது. 2017-இல் டிராகன்ஸை ஒன்றியமே வாங்கிக் காப்பாற்றியது; 2023-இல் மீண்டும் தனியாரிடம் கொடுத்தது. 2019 மார்ச்சில் ஸ்கார்லெட்ஸையும் ஆஸ்ப்ரேஸையும் இணைக்கும் திட்டம் வெளியே கசிந்து, சில நாட்களில் உடைந்துபோனது. அதே மாதம் வேல்ஸ் ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டங்களிலும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்தது. கோப்பை கையிலிருந்ததால் கீழே வீடு ஆடுவதைப் பலரும் கவனிக்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020-இல் ஒன்றியம் வங்கியிலிருந்து 2 கோடி பவுண்டு வாங்கி மண்டலங்களுக்குக் கொடுத்தது. அது நிவாரணம் அல்ல. மண்டலங்கள் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். 2021-இல் ஆறு நாடுகள் போட்டியின் வணிகத்தில் ஏழில் ஒரு பங்கை 36.5 கோடி பவுண்டு வரையிலான தொகைக்கு சிவிசி என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. வேல்ஸின் பங்காக ரொக்கம் வந்தது உண்மை. அதற்கு ஈடாக, இனி ஒவ்வோர் ஆண்டும் வரும் வருமானத்தில் ஒரு பகுதி நிரந்தரமாக வெளியே போகும்.

வாக்கு யாரிடம்?

ஒன்றியத்தின் அமைப்பு விதிகளை மாற்ற உறுப்பினர் கிளப்புகளின் 75 விழுக்காடு வாக்குகள் தேவை. பதினைந்து பேரைத் திரட்டவே திணறும் கிராமத்துக் கிளப்புக்கும் பெரிய நகரத்துக் கிளப்புக்கும் இதில் குரல் உண்டு. ஜனநாயகம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கிளப்புகளின் கவலைகள் வேறு: தங்களுக்கு வரும் சிறு நிதி, சர்வதேச ஆட்டங்களுக்கான டிக்கெட் ஒதுக்கீடு, உள்ளூர்ப் போட்டிகளின் அமைப்பு. மண்டல அணிக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு பவுண்டும் தங்கள் பங்கிலிருந்து எடுத்ததாக அவர்களுக்குத் தோன்றும். அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே இயக்குநர் குழுவில் ஆதிக்கம் செலுத்தினார்கள். நட்டத்தைச் சுமப்பவர்களுக்கு அந்த மேசையில் அவ்வளவு இடம் இல்லை.

இதை மாற்ற முயன்றவர்கள் களைத்துப்போனார்கள். ஒன்றியமும் மண்டலங்களும் இடம்பெறும் தொழில்முறை ரக்பி வாரியத்தின் சுயேச்சைத் தலைவராக இருந்த அமண்டா பிளாங்க் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தை நடத்துபவர். நிர்வாகச் சீர்திருத்தம் நடக்காத ஏமாற்றத்தோடு 2021-இல் அவர் விலகினார். 2022 பொதுக்குழுவில் வந்த சீர்திருத்தத் தீர்மானம் 75 விழுக்காட்டை எட்டவில்லை.

2023 ஜனவரியில் பிபிசி வேல்ஸ் ஒரு புலனாய்வு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஒன்றியத்துக்குள் பெண்களை இழிவுபடுத்தும் பணிச்சூழல் நிலவியதாக அதில் குற்றச்சாட்டுகள் எழுந்தன. தலைமை நிர்வாகி ஸ்டீவ் பிலிப்ஸ் பதவி விலகினார். விளம்பரதாரர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டே மாதத்தில், மார்ச் சிறப்புக் கூட்டத்தில், முன்பு நிராகரித்த வகைச் சீர்திருத்தத்துக்கு 97 விழுக்காடு ஆதரவு கிடைத்தது. சுயேச்சைத் தலைவர், 12 பேர் கொண்ட குழு, அதில் ஐந்து பெண்களாவது இருக்க வேண்டும் என்ற இலக்கு எல்லாம் வந்தன. 2024 தொடக்கத்தில் ஏபி டியர்னி முதல் பெண் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றார்.

இந்தச் சீர்திருத்தம் தேவையானதுதான். ஆனால் அது குழுவில் யார் உட்காருவது என்பதை மாற்றியது. வீரரின் விலையை யார், எப்படி நிர்ணயிப்பது என்பதை அது தொடவே இல்லை.

2025: ஒருவருக்கே நான்கு தொப்பிகள்

கார்டிஃப் அணியின் உரிமையாளர்கள் ஒப்புக்கொண்ட நிதி வந்து சேராததால், 2025 ஏப்ரலில் அணி திவால் நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்டது. கடன் கட்ட முடியாத நிறுவனத்தைச் சுயேச்சையான ஒருவர் பொறுப்பேற்று, விற்றோ சீர்படுத்தியோ கடன்காரர்களுக்கு முடிந்ததைத் தர முயலும் நடைமுறை இது. நிர்வாகியிடமிருந்து அணியை உடனடியாக வாங்கியது ஒன்றியம். தலைநகரில் தொழில்முறை ரக்பி நின்றுபோகாமல் காத்தது என்ற வகையில் அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் ஒன்றியத்தின் நிலையைப் பாருங்கள்:

1. நான்கு அணிகளிடமிருந்தும் வீரர்களின் சேவையை வாங்குபவர்.
2. அந்த அணிகளுக்குக் கடன் கொடுத்தவர்.
3. யாருக்கு எவ்வளவு, எந்த விதிப்படி என்று முடிவு செய்யும் நெறியாளர்.
4. அவற்றில் ஓர் அணியின் உரிமையாளர். ஆகவே மற்ற மூன்றின் போட்டியாளர்.

அணிகளின் கடனை ஒன்றியம் ஏற்றுக்கொண்டு நிதியையும் உயர்த்துவதாகச் சொன்ன புதிய ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தபோது, கார்டிஃப்பும் டிராகன்ஸும் கையெழுத்திட்டன. கார்டிஃப்பின் கையெழுத்து என்பது ஒன்றியம் தனக்குத் தானே போட்டுக்கொண்டது என்றும் சொல்லலாம். ஆஸ்ப்ரேஸும் ஸ்கார்லெட்ஸும் தயங்கின. ஒன்றியத்தின் சொந்த அணிக்கும் தங்களுக்கும் ஒரே அளவுகோல் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அவை கேட்டன. நியாயமான கேள்வி. பதிலாக, பழைய ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவர ஒன்றியம் இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு கொடுத்தது. எல்லோருக்கும் சம நிதி என்ற கொள்கையையும் கைவிட்டது. ஆகஸ்டில் இரண்டு அணி, எதிர்ப்புக்குப் பின் அக்டோபரில் மூன்று அணி என்று நகர்ந்தது இதன் தொடர்ச்சிதான். புதிய திட்டப்படி கார்டிஃப்புக்கு ஓர் உரிமம், கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. அதாவது ஆஸ்ப்ரேஸுக்கும் ஸ்கார்லெட்ஸுக்கும் இடையே ஒரு நாற்காலி.

களத்திலும் நிலைமை மோசம். 2023 அக்டோபரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது முதல், 2025 ஜூலையில் ஜப்பானில் வெல்லும்வரை வேல்ஸ் தேசிய அணி தொடர்ந்து 18 சர்வதேச ஆட்டங்களில் தோற்றது. தோல்வி நீண்டால் டிக்கெட் விற்பனை தளரும். அந்த ஆறேழு நாட்களின் வருமானம் குறைந்தால் பங்கிடும் குடமே சிறுத்துவிடும். அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாக்கினால் கணக்கு சரியாகுமா?

மேலோட்டக் கணக்கு எளிது. நான்காகப் பங்கிட்ட தொகையை மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வோர் அணிக்கும் 33 விழுக்காடு கூடும். இதன் மறுபக்கத்தில் நிற்பவை: நான்காவது அணியின் டிக்கெட் வருமானமும் விளம்பரமும், அதன் உரிமையாளர் தன் பையிலிருந்து போட்டுவந்த பணம், லீக்கில் அந்த இடத்துக்குக் கிடைத்த பங்கு, மூடுவதற்கே ஆகும் செலவு. இவற்றைக் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் பேச வேண்டிய தொகை.

அண்டை நாடுகளைக் காட்டி வாதிடுவோர் இரு தரப்பிலும் உண்டு. ஸ்காட்லாந்து தன் எல்லைப்புற அணியை 2007-இல் மூடிவிட்டு எடின்பரோ, கிளாஸ்கோ என்று இரண்டோடு நின்றது. 2024-இல் கிளாஸ்கோ லீக்கை வென்றது. ஆனால் தேசிய அணி இந்தக் காலத்தில் ஒருமுறைகூட ஆறு நாடுகள் போட்டியை வெல்லவில்லை. அயர்லாந்து 2003-இல் தன் நான்காவது மாகாண அணியான கானாட்டை மூட நினைத்தது. ரசிகர்கள் டப்ளினில் ஊர்வலம் போனார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 2016-இல் அதே கானாட், இறுதியாட்டத்தில் சக மாகாண அணியான லென்ஸ்டரை வீழ்த்தி லீக் கோப்பையை எடுத்தது.

எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த உதாரணங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு நாடுகளுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு: அணிகள் ஒன்றியத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அயர்லாந்தில் முன்னணி வீரர்களோடு ஒன்றியமே நேரடியாக ஒப்பந்தம் போடுகிறது. யார் எத்தனை ஆட்டம் ஆடுவது என்பதிலும் அதன் சொல் செல்லும். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரே என்பதால் விலைத் தகராறு எழுவதில்லை. இங்கிலாந்து நேர் எதிர்: கிளப்புகள் தனியார் சொத்து, ஒன்றியத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம். அந்த வழியின் ஆபத்தும் கண்கூடு. 2022-இல் உஸ்டர், வாஸ்ப்ஸ், 2023-இல் லண்டன் ஐரிஷ் என மூன்று முதல்நிலைக் கிளப்புகள் ஒன்பது மாதங்களுக்குள் வீழ்ந்தன.

வேல்ஸ் இந்த இரண்டில் எதையும் முழுதாகத் தேர்ந்தெடுத்ததில்லை. தனியார் பணமும் வேண்டும், ஒன்றியத்தின் கட்டுப்பாடும் வேண்டும் என்று இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே புதிய உரிமங்களின் விதிமுறைகளைப் படிக்கும்போது அணிகளின் எண்ணிக்கையைவிட முக்கியமாகத் தேட வேண்டியவை இவை:

1. தேசிய அணிக்கு வீரர்களை விடுவிப்பதற்கான தொகை, ஒன்றியத்தின் சர்வதேச வருமானத்தில் ஒரு நிலையான விழுக்காடாக இருக்குமா, அல்லது ஒவ்வொரு முறையும் பேரம் பேசித்தான் வாங்க வேண்டுமா?

2. ஒன்றியமும் ஓர் அணியும் முரண்பட்டால் தீர்ப்பது யார்? ஒன்றியத்தின் இயக்குநர் குழுவே என்றால், அது வழக்காடுபவரே நீதிபதியாகும் ஏற்பாடு.

3. ஒன்றியம் ஓர் அணியைச் சொந்தமாக வைத்திருக்கும் காலத்துக்கு வரம்பு உண்டா? டிராகன்ஸ் விஷயத்தில் அது ஆறு ஆண்டு நீடித்தது.

4. உரிமம் இழக்கும் அணியின் பயிற்சிக்கூடத்தில் இருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகள் யார் பொறுப்பு? லனெத்லிக்கும் ஸ்வான்சீக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் இங்கிலாந்து கிளப்புகளின் ஆள்தேடுபவர்கள் அந்தத் தூரத்தை அளந்துகொண்டிருக்க மாட்டார்கள்.